அப்பாவைவிட மூத்தவன்

கோலார் தங்கவயலில் அண்டர்கிரவுண்டு வேலை பார்த்து எழுபது வயதைத் தாண்டிய ஒருவரைப் பார்த்தால், பல கண்டங்களைக் கடந்து வந்தவர் என்று தெரிந்துகொள்ளுங்கள். என் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். ஏர் பிளாஸ்டில் போய்விட்டார். பாறைக்குள் அடைபட்டிருக்கும் அழுத்தம் திடீரென்று வெடித்துக் கல்லைச் சிதறடிப்பதை எங்கள் ஊரில் ஏர் பிளாஸ்ட் என்போம். அது வெடித்தால் மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாத்திரம் உருளும். பெண்கள் போட்டது போட்டபடி சுரங்க வாயிலான ஷாப்டைப் பார்த்து ஓடுவார்கள். அப்பா போனது தூசியில். அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. கடைசி இரண்டு வருடம் படுத்துத் தூங்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார்.

எனக்கு இப்போது எழுபத்தொன்று. அப்பாவின் படத்துக்குப் பூ வைக்கும்போது, படத்தில் இருப்பவர் என் தம்பி வயதுக்காரராகத் தெரிகிறார். அவருக்கு வாய்க்காத இருபத்திரண்டு வருடங்கள் எனக்கு வாய்த்திருக்கின்றன. மூப்பைப் பற்றி யார் அலுத்துக்கொண்டாலும் என் மனசு முதலில் அங்கேதான் போகும்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் தங்கை மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வயது முப்பத்தாறு. போன பொங்கலுக்கு வந்தவன் கண்ணாடி முன்னால் நின்று காதோரம் நரைத்த நாலு முடியைத் தேடித் தேடிப் பிடுங்கிக்கொண்டிருந்தான். “என்னப்பா இது?” என்றேன். “உங்களுக்குத் தெரியாது மாமா. எங்க ஆபீஸ்ல நாற்பதுன்னா கிழவன். ஆள் குறைக்க லிஸ்ட் எடுத்தா முதல்ல அந்த வயசுக்காரங்க பேருதான் வரும்” என்றான். முப்பத்தாறு வயதுப் பையன் குரலில் அப்படி ஒரு பயம். எனக்கு அது புதிதல்ல. அந்தப் பயத்தை நாங்கள் ஒரு ஊராகவே அனுபவித்திருக்கிறோம்.

2001 பிப்ரவரி 28. அன்றுதான் பாரத் கோல்டு மைன்ஸ் சுரங்கத்தை மூடினார்கள். நூற்று இருபது வருடங்களாக, 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த காலம் தொட்டு, எண்ணூறு டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த மண் அது. சாம்பியன் ரீப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்திருக்கிறோம். அங்கே பாறையைத் தொட்டால் கை வெந்துவிடும். அறுபது டிகிரிக்கு மேல் சூடு. மூடிய அன்று வேலையில் இருந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். முந்தைய நாள் வரை எங்களில் கிழவன் என்று யாரும் இருந்ததில்லை. ஐம்பத்தைந்து வயதுக்காரர் டிரில் பிடிப்பார், இருபத்தைந்து வயதுப் பையன் அவருக்கு உதவியாக நிற்பான். மறுநாள் காலையில் நாங்கள் எல்லோரும் ‘வயசானவர்கள்’ ஆகிவிட்டோம். முப்பத்தெட்டு வயதுக்காரனும் அதில் அடக்கம். ஒரே ராத்திரியில் யாருடைய உடம்பும் தளரவில்லை. மாறியது கம்பெனிக் கணக்கு.

அன்று புரிந்தது இன்றைக்கும் எனக்கு உதவுகிறது. நம் வயதைச் சொல்வது பிறந்த தேதி. நம்மைக் கிழவன் என்று சொல்வது வேறு யாரோ போடும் வரவு செலவு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவன் உடைந்து போகிறான். எங்கள் லைனில் அப்படி உடைந்து, குடித்தே போனவர்களை நான் தோளில் சுமந்திருக்கிறேன். அவர்களைக் கொன்றது வயதில்லை. ‘இனி நீ எதற்கும் ஆக மாட்டாய்’ என்று சொன்னதை அவர்கள் நம்பிவிட்டதுதான்.

நான் நம்பாமல் இருந்ததற்குப் பெரிய தைரியம் ஒன்றும் காரணமில்லை, தம்பி. மூன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அதனால் மாரிக்குப்பத்தில் விடியற்கால ரயில் ஏறினேன். மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆட்கள் ஏறுவார்கள். பங்காரப்பேட்டை வருவதற்குள் நிற்க இடமிருக்காது. இன்றும் ஆயிரக்கணக்கானவர்கள் இப்படித்தான் பெங்களூருக்குப் போய்த் திரும்புகிறார்கள். இருட்டில் கிளம்பி இருட்டில் வருவது எங்களுக்குப் பழக்கம்தானே, சுரங்கத்தில் சூரியனையா பார்த்தோம்?

வேலை கேட்டுப் போன ஒவ்வோர் இடத்திலும் முதல் கேள்வி கன்னடத்தில், “வயசு எஷ்டு?” என்ன வேலை தெரியும் என்று கேட்டவர் மிகக் குறைவு. நாற்பத்தேழு என்று சொன்னதும் பேப்பரை மூடிவிடுவார்கள். பாறை சரியாமல் மரம் கட்டத் தெரியும், மோட்டார் பார்க்கத் தெரியும், மயங்கி விழுந்தவனை ஒற்றை ஆளாகத் தூக்கி ஏணியேறத் தெரியும். அதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். கடைசியில் செக்யூரிட்டி வேலை. எங்கள் ஊர்க்காரர்களில் எத்தனையோ பேருக்கு அதுதான் கிடைத்தது. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் நாலு உயிரைப் பொறுப்பில் வைத்து வேலை பார்த்தவர்கள், ஒரு அடுக்குமாடி கேட்டில் உட்கார்ந்து கார் நம்பர் எழுதினோம். வேலையில் இழிவில்லை, அதை நான் சொல்ல வரவில்லை. இருபத்திரண்டு வயதுப் பையன் காரிலிருந்து இறங்காமல், “ஏய் பெருசு, கேட்டைத் தொற” என்பான். அதைத்தான் சொல்கிறேன். நான் சம்பாதித்த பெயர், பார்த்த வேலை, காப்பாற்றிய ஆட்கள் எதுவும் அவன் கண்ணுக்குத் தெரியாது. நரைத்த முடி மட்டும் தெரியும்.

அந்தப் பையனுக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். நான் வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் மேஸ்திரிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நடையில் லேசாகச் சாய்வு. ஷிப்டு தொடங்கும்போது, முந்தைய ஷிப்டில் வெடி வைத்த இடத்துக்கு எங்களை விடமாட்டார். முதலில் அவர் போவார். நீளமான கடப்பாரையை எடுத்து, தலைக்கு மேலிருக்கும் பாறையை அடி அடியாகத் தட்டிக்கொண்டே நகர்வார். விளக்கைக்கூட அந்தப் பக்கம் திருப்பமாட்டார். காது மட்டும்தான் வேலை செய்யும். ‘கணீர்’ என்று வந்தால் கல் கெட்டி. ‘பொத்’ என்று வந்தால் உள்ளே விரிசல், கீழே நிற்கக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் உண்டு. அதைப் புதுப்பையன்கள் நாங்கள் கெட்டி என்போம். அவர் தலையை ஆட்டி, “இது யோசிச்சுக்கிட்டிருக்கு. மரம் கட்டு” என்பார். ஒருமுறை அப்படி மரம் கட்டிய இடத்தில், சாப்பிட்டு வருவதற்குள் இரண்டு ஆள் உயரக் கல் இறங்கி, கட்டிய மரத்தில் உட்கார்ந்திருந்தது. அந்த நடுச்சத்தம் என் காதுக்குப் பிடிபடச் சுமார் பத்து வருடம் ஆனது. புத்தகத்தில் படித்து ஒரே மாதத்தில் கற்றுக்கொள்ள வழியே இல்லை. எத்தனை ஆயிரம் முறை தட்டினோமோ அத்தனையும் சேர்ந்துதான் அந்தக் காது.

எங்கள் ஊரில் பாறை அதிர்வைப் பதிவு செய்யக் கருவிகள் வைத்தார்கள். பாறை இயக்கவியலுக்கென்று 1988-இல் ஒரு தேசிய ஆய்வு நிறுவனமே இங்கே தொடங்கினார்கள். படித்த இளைஞர்கள் வந்தார்கள், கெட்டிக்காரர்கள். அவர்களில் சிலர் கருவி சொல்வதையும் கேட்டுக்கொண்டு, மேஸ்திரியையும் கூப்பிட்டு “நீங்க என்ன சொல்றீங்க?” என்பார்கள். அவர்களோடு இறங்க எங்களுக்கு நம்பிக்கையாக இருக்கும். கருவியும் காதும் சேர்ந்த இடத்தில் உயிர் தப்பியது. இளமைக்கும் மூப்புக்கும் நடுவில் போட்டி என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், நான் பார்த்தது வேறு.

ஆனால் ஒரு இரட்டைக் கணக்கு இருக்கிறது, அது என்னை உறுத்துகிறது. படித்தவருக்கு வயதானால் ‘அனுபவம்’ என்கிறார்கள். உழைத்தவனுக்கு வயதானால் ‘பாரம்’ என்கிறார்கள்.

பி.வி. ஸ்ரீகண்டன் என்ற விஞ்ஞானியை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நஞ்சன்கூட்டில் பிறந்தவர். 1951-லேயே விண்ணிலிருந்து வரும் கதிர்களை அளக்க எங்கள் சுரங்கத்துக்குள் கருவியோடு இறங்கியவர். 1965-இல் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை இந்திய, ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகள் சேர்ந்து கண்டார்கள். உலகிலேயே அதைக் கண்ட முதல் இடங்களில் எங்கள் ஊரும் ஒன்று. அந்தக் கருவிகள் கீழே போனதும் இயங்கியதும் எங்கள் ஆட்களின் தோளிலும்தான். ஸ்ரீகண்டன் பிறகு டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார், 1987-இல் ஓய்வு பெற்றார். அதோடு முடங்கினாரா? பெங்களூரில் உள்ள தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, மனிதனுக்கு உணர்வு எப்படி உண்டாகிறது என்ற முற்றிலும் வேறு கேள்வியைக் கையிலெடுத்தார். 2019-இல், தொண்ணூறைத் தாண்டி மறைந்தார். அறுபதுக்குப் பிறகு புதுப் படிப்பு! அந்த மனிதரை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அவருக்குக் கிடைத்த அந்த மேசையும் நாற்காலியும், அவரோடு கீழே இறங்கிய எங்கள் மேஸ்திரிக்கும் ஏதோ ஒரு வடிவில் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இன்னொருவர் எங்களுக்கு இன்னும் நெருக்கம். அயோத்திதாசப் பண்டிதர். 1845-இல் பிறந்தவர். ஐம்பத்துமூன்று வயதில், 1898-இல் இலங்கைக்குப் போய் பௌத்தம் ஏற்றார். ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையை அவர் தொடங்கியது 1907-இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், அறுபத்திரண்டு வயது. இன்றைய கணக்கில் ரிட்டயர்ட் ஆகியிருக்க வேண்டிய ஆள். அதன் பிறகு 1914-இல் இறக்கும்வரை வாரம் தவறாமல் எழுதினார். ஒடுக்கப்பட்ட சனங்களுக்குத் தங்கள் வரலாற்றைத் தாங்களே படிக்கும் தைரியம் கொடுத்த எழுத்து அது. எங்கள் மாரிக்குப்பத்தில் அவருடைய பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. தாத்தா தலைமுறை ஷிப்டு முடித்து வந்து, எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்டதாக அப்பா சொல்வார். பண்டிதர் மறைந்த பிறகு ‘தமிழன்’ நின்று போனபோது, 1926-இல் அதை மறுபடி கொண்டுவந்தது இந்தத் தங்கவயல்தான். அப்பாதுரையார் அதற்கு ஆசிரியர். அந்தப் பண்டிதரும் அறுபத்திரண்டில் “இனி என்ன, போதும்” என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தால் எங்கள் தாத்தாமாருக்குக் கேட்பதற்கு என்ன இருந்திருக்கும்?

சரி, மூப்பு சுகமென்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். டிரில் சத்தத்தில் என் இடது காது பாதி போய்விட்டது. மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்க வேண்டும். இரவில் இரண்டு முறையாவது எழுந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் நுரையீரல் சும்மா பழுதாகவில்லை. 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தூசி நோய் இருந்தது. கல்லை உடைக்கும்போது கிளம்பும் அந்தப் பொடி உள்ளே போனால் போனதுதான், திரும்பி வராது. ஆகவே ‘வயசு மனசுலதான் இருக்கு’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பாதிதான் சம்மதம்.

அந்தப் பாதியையும் தள்ளிவிட முடியாது. பெக்கா லெவி என்ற அமெரிக்க ஆய்வாளர், ஓஹையோ மாநிலத்தில் ஐம்பது வயதைக் கடந்த 660 பேரை இருபது வருடத்துக்கு மேல் தொடர்ந்த ஒரு ஆய்வின் கணக்கை எடுத்து 2002-இல் வெளியிட்டார். தங்கள் மூப்பை நல்லவிதமாக நினைத்தவர்கள், மட்டமாக நினைத்தவர்களைவிட ஏழரை வருடம் அதிகம் வாழ்ந்திருந்தார்கள். அதனால் ஒருவரைப் பார்த்து “கிழடு, உனக்கெதுக்கு இதெல்லாம்” என்று தினமும் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. கேட்டுக் கேட்டு அவரே அதை நம்பிவிடுவார், ஆயுளும் குறையலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது, உலகில் இரண்டு பேரில் ஒருவர் வயதை வைத்து முதியவர்களை மட்டமாக நினைக்கிறார் என்று. அந்த ஒருவர் நம் வீட்டிலும் இருப்பார். நாமாகவும் இருப்போம்.

எங்கள் தமிழ் ஐயா பள்ளியில் பிசிராந்தையாரைப் பற்றிச் சொன்னது இப்போதும் நினைவிருக்கிறது. இவ்வளவு வயதாகியும் உமக்கு நரை இல்லையே என்று கேட்டதற்கு அந்தப் புலவர் மருந்தோ எண்ணெயோ சொல்லவில்லை. மனைவி மக்கள் நல்லவர்கள், ஏவல் செய்வோர் ஒத்த மனத்தவர், அரசன் தப்பு செய்யாதவன், ஊரில் சான்றோர் பலர் என்றார். புறநானூற்றிலேயே இருக்கிறது. மனசு மட்டும் போதாது, வீடும் ஊரும் ஆட்சியும் சேர்ந்துதான் ஒருவனை நல்லபடியாக மூப்படைய விடுகின்றன. சிறுவயதில் மனப்பாடம் செய்தபோது இது புரியவில்லை. இப்போது ஒவ்வொரு காரணத்துக்கும் முன்னால் நின்று யோசிக்கிறேன்.

வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். அன்பினாலேயே ஒருவரைக் கிழவராக்க முடியும். “நீங்க சும்மா உட்காருங்க தாத்தா, நாங்க பாத்துக்கறோம்” என்று வாளியைப் பிடுங்குவார்கள், கடைக்கு விடமாட்டார்கள், வீட்டுச் செலவைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் என்னைப் பார்க்காமல் என் மகனிடம் கேட்பார்: “இவருக்கு எத்தனை நாளா இருமல்?” இருமுகிறவன் நான், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், நினைவு தெளிவாக இருக்கிறது. என் மகன் நல்ல பிள்ளை. “அப்பாகிட்டயே கேளுங்க சார், அவருக்குத்தான் தெரியும்” என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவனை நூறு முறை வாழ்த்தியிருக்கிறேன். பெரியவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைகள் இதை மட்டும் செய்தால்கூடப் போதும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. கரிகாலன் கதை கேட்டிருப்பீர்கள். இந்தச் சின்னப் பையனுக்கு என்ன நியாயம் தெரியும் என்று வழக்கோடு வந்த முதியவர்கள் தயங்க, அவன் நரைமுடி வைத்துக் கிழவன் வேடம் போட்டு வந்து தீர்ப்புச் சொன்னான் என்பார்கள். வயதை வைத்து மட்டம் தட்டும் பழக்கம் மேலிருந்து கீழேயும் பாயும். “நேத்துப் பொறந்த பய, நீ என்ன சொல்றது” என்று நாம் அடக்கி வைத்த பையன்தான் நாளைக்கு நம்மைப் “பெருசு, சும்மா இரு” என்று அடக்குகிறான். நாம் கொடுத்ததைத்தான் திருப்பித் தருகிறான்.

அறுபத்தாறு வயதில் நான் கன்னட எழுத்து கற்றுக்கொண்டேன். பேச எப்போதும் தெரியும், கோலார் மாவட்டத்தில் பிறந்து பேசத் தெரியாமல் இருக்குமா? ஆனால் படித்தது தமிழ்ப் பள்ளி. அரசாங்கக் கடிதம் வந்தால் யாரையாவது தேடிப் போக வேண்டும். பேத்தி அப்போது இரண்டாம் வகுப்பு. “தாத்தா, ‘க’வுக்கு மேல ஒரு கொண்டை போடணும்” என்று என் கையைப் பிடித்து எழுதவைத்தாள். கை நடுங்கி கொண்டை கோணலாகும். அழித்துவிட்டு “மறுபடி” என்பாள். அவள் டீச்சர் அவளிடம் பேசும் அதே குரல். மழைக்காலம் முடிவதற்குள் பஸ் போர்டு படித்துவிட்டேன், தீபாவளிக்குள் ரேஷன் கடை அறிவிப்பு. இப்போது எங்கள் லைனில் கன்னடக் கடிதம் வந்தால் மூன்று நான்கு வீட்டுக்காரர்கள் என்னிடம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இந்த வயதில் மூளையில் எதுவும் ஏறாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மெதுவாக ஏறும். ஏறியது நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்து “மறுபடி” என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அப்படிப் பக்கத்தில் இருந்து இளைஞர்களால் ஆகிற காரியங்கள் பல இருக்கின்றன. ஒன்றைச் சொல்கிறேன். வருடத்துக்கொரு முறை, உயிரோடு இருக்கிறோம் என்று ஓய்வூதியக்காரர்கள் சான்று கொடுக்க வேண்டும். கருவியில் விரல் வைத்தால் எங்கள் ஆட்கள் பலருக்கு ரேகை விழாது. கல்லும் கம்பியும் பிடித்துத் தேய்ந்த விரல். 1930-இல், தொழிலாளிகளின் விரல் ரேகையைப் பதிவு செய்யக்கூடாது என்று எங்கள் தாத்தாமார் வேலைநிறுத்தம் செய்தார்கள், குற்றவாளிகளா நாங்கள் என்று கேட்டார்கள். இன்று பேரன்மார் ரேகை விழவில்லையே என்று நாள் முழுக்க வரிசையில் நிற்கிறார்கள். கைபேசியில் முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கும் வசதி 2021-இல் வந்துவிட்டது. பெரியவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பிள்ளைகள் போனை எடுத்துக்கொண்டு ஒரு லைன் முழுக்க முடித்துவிடலாம். செய்துகொடுத்துவிட்டு ஓடாதீர்கள், எப்படிச் செய்வதென்று காட்டிக்கொடுங்கள். அடுத்த வருடம் அவர்களே செய்துகொள்வார்கள்.

அப்படி வரிசையில் நின்று வாங்கும் பணம் எவ்வளவு? வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். மத்திய அரசின் முதியோர் உதவித்தொகையில் எண்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு டெல்லியின் பங்கு 200 ரூபாய். நான் இதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, ஒரு மாத மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே கூட்டிப் பாருங்கள்.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எங்கள் ஊரில் அது பெரிய பிரச்சினை. முன்னாள் தொழிலாளிகளுக்கு லைன் வீடுகள் சொந்தமாகும் நேரத்தில், பிள்ளைகள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பவர்களைப் பார்க்கிறேன். 2007-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். அறுபது வயதானவர் தன் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறவும் 23-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் ‘என்னைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைத்தால்தான் வழக்கு பலமாக நிற்கும். பெரியவர்களே, பாசத்தில் அந்த வரியை விட்டுவிடாதீர்கள். உதவி வேண்டுமென்றால் 14567 என்ற இலவச எண் இருக்கிறது. பிள்ளைகளே, அந்த வரியை எழுதச் சொல்லி நீங்களே முன்னால் நில்லுங்கள். அப்படிச் சொன்ன ஒரு பெண்பிள்ளையை எனக்குத் தெரியும், அவள் அம்மா இன்றும் அந்த வீட்டில் ராணியாக இருக்கிறாள்.

என் தங்கை மகனுக்கு அன்று சொன்ன பதில் இது. “முடியைப் பிடுங்காதே. உன் தாத்தாவுக்கு நரை வருவதற்குக் காலம் இல்லாமல் போனது. உனக்கு வந்திருக்கிறது. ஆபீசில் நாற்பது வயதுக்காரர் ஒருவரை லிஸ்டில் சேர்க்கும்போது, அவர் என்ன வேலை தெரிந்தவர் என்று நீ ஒருவனாவது கேள். இன்றைக்கு அவருக்காகக் கேட்டால்தான் நாளைக்கு உனக்காகக் கேட்க யாராவது இருப்பார்கள்.” அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் அப்பா எப்படி இறந்தார் என்று முதல்முறையாகக் கேட்டான். வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தோம். முப்பத்தாறு வருடமாக அவன் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை.

இப்போது ஊரில் மறுபடி ஒரு பேச்சு. சயனைட் மேடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்லை அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண், நூறு வருடமாகக் குவிந்து மலையாகி நிற்கிறது. காற்றடித்தால் ஊருக்குள் தூசி. கழிவு என்று தள்ளிய அந்த மண்ணில் இன்னும் தங்கம் மிச்சமிருக்கிறது என்று கணக்கெடுத்து, 13 மேடுகளில், சுமார் ஆயிரம் ஏக்கரில் அதை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. வேலை வரும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். வரட்டும், வர வேண்டும். பெங்களூர் ரயிலில் நின்று நின்று கால் வீங்கிய தலைமுறைக்கு ஊரிலேயே சோறு கிடைக்கட்டும்.

அந்த வேலைக்காக மனு எழுத இளைஞர் சங்கத்துப் பிள்ளைகள் கூடியபோது என்னையும் கூப்பிட்டார்கள். நான் இரண்டு கோரிக்கை வைத்தேன். வேலைக்கு எடுக்கும்போது வயதுக்கு முன்னால் தெரிந்த வேலையைக் கேட்க வேண்டும், ஐம்பது வயதுக்காரனுக்கும் ஒரு வாய்ப்பு வேண்டும். இன்னொன்று, எந்த மேட்டில் எந்தக் காலத்துக் கழிவைக் கொட்டினார்கள், எங்கே பழைய ஷாப்ட் மண்ணுக்குள் மூடிக் கிடக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். இயந்திரம் இறங்குவதற்கு முன் அவர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டையும் மனுவில் சேர்த்துவிட்டார்கள். பெரியவர்கள் பட்டியலை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் தாத்தாவோ பாட்டியோ மில்லிலோ மேட்டிலோ வேலை பார்த்தவராக இருந்தால் பெயரைக் கொண்டுவந்து கொடுங்கள். பொம்பளைகளும் வேலை பார்த்திருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடாதீர்கள்.